கோடியக்கரைக்குப் போங்க... வெறுங்கையோடு வாங்க!

"அய்யா, அடுத்த வாரம் குடும்பத்தோட வேதாரண்யம் போறோம். அப்படியே கோடியக்கரைக் காட்டுக்கும் போகலாம்னு இருக்கோம். அங்கே மூலிகை நெறைய இருக்காமே... என்னென்ன பறிச்சுக்கிட்டு வரணும்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுங்களேன்!"

மாமியாரின் மூட்டுவலிக்கு மருந்து வாங்க வந்த ஒரு பெண்மணி என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அதில் இருந்தது ஒரே வரிதான்: 'எதையும் பறிக்காமல் வாருங்கள்.'

அவருக்கு முகம் வாடிவிட்டது. "என்னங்கய்யா இது... சித்த வைத்தியர் நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?" என்றார்.

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் என் மாணவப் பருவத்தில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும்.

1991-ம் வருடம். குணபாடம் படித்துக்கொண்டிருந்த நாங்கள் சிலர் மூலிகைகளை நேரில் பார்ப்பதற்காகக் கோடியக்கரை போனோம். பாடப் புத்தகத்தில் படமாகப் பார்த்த செடி, கண்ணெதிரே நின்றால் சும்மா இருக்க முடியுமா? நன்னாரிக் கொடியைப் பார்த்ததும் வேரோடு இழுத்தோம். வாசனை மூக்கைத் துளைத்தது. இன்னொன்று, இன்னொன்று என்று ஆளுக்கு ஒரு பை நிறைத்துவிட்டோம். திரும்பும் வழியில் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் எங்களை நிறுத்தினார். பையைத் திறந்து பார்த்தார். கோபப்படவில்லை. நிதானமாகக் கேட்டார்.

"ஏன் தம்பி... இப்படி வேரோட புடுங்கிப்புட்டா, அடுத்த வருஷம் படிக்க வர்ற புள்ளைங்க எதைப் பார்க்கும்?"

எங்களிடம் பதில் இல்லை. இலையைப் பறித்தால் செடி தழைத்துக்கொள்ளும். வேரைப் பறித்தால் செடியே போய்விடும். வைத்தியம் படிக்க வந்தவர்களுக்கு இது தெரியாமல் போனதுதான் வெட்கம். அன்றிலிருந்து இன்றுவரை எத்தனையோ தடவை கோடியக்கரை போயிருக்கிறேன். ஒரு இலைகூட எடுத்ததில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் எனக்கும் என் குடும்பத்துக்கும் ஏதோ ஒரு நன்மையோடுதான் திரும்பியிருக்கிறேன். அந்த நன்மை என்ன, அதை எந்தப் பருவத்தில் போய்ப் பெறலாம் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அகத்தியர் பெயரில் ஊர்... அதற்கப்பால் காடு!

நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரண்யத்திலிருந்து தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் கோடியக்கரை. வழியில் வரும் ஊர் அகத்தியம்பள்ளி. சித்த மருத்துவத்தின் ஆதிகுருவாக நாங்கள் வணங்கும் அகத்தியர் பெயரிலேயே ஒரு ஊர்! 1930 ஏப்ரல் 30-ம் தேதி ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் உப்பு அள்ளிய இடமும் இதுதான். 2023 ஏப்ரல் முதல் திருத்துறைப்பூண்டியிலிருந்து இங்கே வரை ரயில் வருகிறது. அதற்கப்பால் உப்பளங்கள், கோடியக்காடு, பிறகு கடல். வங்காள விரிகுடாவும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனை அது.

1967-ல் இந்தக் காடு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காட்டை ஒட்டிய பெரிய சதுப்பு நிலம், அப்பால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு எல்லாம் சேர்ந்து சுமார் 38,500 ஹெக்டேர் பரப்பு 2002-ல் 'ராம்சார்' பட்டியலில் இடம்பெற்றது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான பட்டியல் அது. தமிழ்நாட்டிலிருந்து அதில் முதலில் சேர்ந்தது இந்த இடம்தான்.

இங்கே இருப்பது மலைக்காடு மாதிரி அடர்ந்த காடு அல்ல. மணலில் வேரூன்றி, உப்புக்காற்றைத் தாங்கி, குட்டையாக, ஆனால் வருடம் முழுவதும் பச்சையாக நிற்கும் காடு. இதை 'உலர் பசுமைமாறாக் காடு' என்பார்கள். பாலை, நாவல், காசான், உகா, கொன்றை, இசங்கு, மிளகரணை, சீந்தில், சிறுகுறிஞ்சான், பிரண்டை என்று சொல்லிக்கொண்டே போகலாம். உகா மரத்தின் குச்சிதான் 'மிஸ்வாக்' என்று பல் துலக்க உலகமெங்கும் விற்கப்படுகிறது.

சித்த மருத்துவத்தில் வருடத்தை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தந்தப் பொழுதுக்கு ஏற்றபடி உணவும் நடையும் மாற வேண்டும் என்பது எங்கள் பாடம். அந்தப் பாடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? கோடியக்கரைக்குத்தான் போக வேண்டும். அங்கே பறவை, மான், ஆமை, மனிதர் எல்லோருமே பொழுது பார்த்துத்தான் வாழ்கிறார்கள்.

கார்காலம்: 25 கிராம் விருந்தாளி
(ஆவணி, புரட்டாசி)

ஆவணியிலேயே விருந்தாளிகள் வர ஆரம்பித்துவிடுவார்கள். முதலில் வருபவர்கள் உள்ளான் வகைக் குட்டிப் பறவைகள். அவற்றில் 'கொசு உள்ளான்' என்று ஒன்று. எடை 25 கிராம் சுமார். அதாவது ஐந்து டீஸ்பூன் சர்க்கரை எடை! அது குஞ்சு பொரிக்கும் இடம் ரஷ்யாவின் வடகோடி போன்ற துருவப் பிரதேசம். அங்கே குளிர் வருமுன் கிளம்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து நம்ம ஊர்ச் சேற்றுக்கு வந்து சேருகிறது.

இவ்வளவு தூரம் பறக்க அதற்கு ஏது சக்தி? கிளம்புவதற்கு முன் சில வாரங்கள் மும்முரமாகத் தின்று உடம்பில் கொழுப்பைச் சேமித்துக்கொள்கின்றன இந்த வகைப் பறவைகள். சிலவற்றின் எடை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிடுமாம். பிறகு அதை எரித்தபடியே பறக்கின்றன. கொழுப்பு என்பதே உழைப்பதற்கான சேமிப்புதான். நாமும் சேமிக்கிறோம், ஆனால் பறப்பதில்லை! அதுதான் வித்தியாசம்.

இந்தப் பறவைகள் எங்கிருந்து வருகின்றன, எப்போது திரும்புகின்றன என்பதை அறிய, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளின் காலில் வளையம் மாட்டி ஆராய்ந்து வருகிறார்கள். பறவையியல் மேதை சாலிம் அலி இந்த இடத்தின் அருமையைக் கண்டு ஊக்கம் கொடுத்த பணி அது.

கூதிர்காலம்: அழகான பூ... ஆபத்தான கிழங்கு
(ஐப்பசி, கார்த்திகை)

வடகிழக்குப் பருவமழை கொட்டும் காலம். சதுப்பு நிலம் நிரம்பும். வெளியூர் மீனவர்கள் பலர் குடும்பத்தோடு வந்து கோடியக்கரையில் கொட்டகை போட்டுத் தங்கி மீன் பிடிப்பதும் ஐப்பசியில்தான் துவங்கும். மாசி, பங்குனி வரை அந்தக் கரை ஒரு திருவிழா ஊர் மாதிரி இருக்கும்.

இந்தக் காலத்தில் இந்தப் பக்கத்து வேலிகளிலும் புதர்களிலும் மஞ்சளும் சிவப்புமாகத் தீக்கொழுந்து போல ஒரு பூ பூக்கும். செங்காந்தள். கார்த்திகைப்பூ என்றும் சொல்வார்கள். நமது மாநில மலர்.

பூ அழகு. ஆனால் அதன் கிழங்கு நஞ்சு! சில வருடங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்தது இது. கோயிலுக்குப் போன இடத்தில் யாரோ ஒருவர் 'இது கைகால் குடைச்சலுக்குக் கைகண்ட மருந்து' என்று சொல்ல, அந்த வீட்டுப் பாட்டி வேலியோரத்தில் கிழங்கைத் தோண்டி எடுத்து வந்துவிட்டார். சுண்டைக்காய் அளவுதான் அரைத்துச் சாப்பிட்டார். சில மணி நேரத்தில் வாந்தி, தண்ணீராகப் பேதி. எனக்குப் போன் செய்து, "என்ன முறிவு மருந்து கொடுக்கலாம்?" என்று கேட்டார்கள். "ஒண்ணும் கொடுக்காதீங்க. மிச்சக் கிழங்கையும் எடுத்துக்கிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க" என்றேன். பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்தார். பிறகு தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. கிழங்கில் உள்ள 'கோல்சிசின்' என்ற நஞ்சின் வேலை அது. முடி மறுபடி முளைத்தது. உயிர் போயிருந்தால்?

சித்த மருத்துவத்திலும் இந்தக் கிழங்கு உண்டு. ஆனால் முறைப்படி சுத்தி செய்து, அளவு பார்த்து, தேர்ந்தவர் கையால் மட்டும்தான். 'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்று நினைப்பவர்கள் இந்தப் பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதே கூதிர்காலத்தில்தான், 2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. கோடியக்கரைக் காட்டில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. மான்களும் குதிரைகளும் கடலில் அடித்துச் செல்லப்பட்டு, அவற்றின் உடல்கள் காரைக்கால் கரைவரை ஒதுங்கின. புயலுக்குப் பிறகு நான் போய்ப் பார்த்தபோது, 1991-ல் எங்களுக்கு நிழல் கொடுத்த இடம் எது என்றே அடையாளம் தெரியவில்லை. பெரியவர் கேட்ட கேள்விதான் மறுபடியும் காதில் விழுந்தது. ஆனால் காடு செத்துவிடவில்லை. சாய்ந்த மரங்களின் அடியிலிருந்து துளிர் வந்தது. மண்ணில் வேரும் விதையும் மிஞ்சியிருந்தால்தான் அந்தத் துளிர்! நாம் பை பையாய்ப் பிடுங்கியிருந்தால் துளிர்க்க என்ன இருக்கும்?

முன்பனிக்காலம்: சாப்பாடே நிறம்!
(மார்கழி, தை)

குடும்பத்தோடு பறவை பார்க்க இதுதான் சரியான சமயம். சதுப்பு நிலத்தில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். நாலடிக்கு மேல் உயரம், குச்சி மாதிரி கால், வளைந்த அலகு. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு, சல்லடையில் சலிப்பது போலச் சலித்துச் சாப்பிடும். கூட்டம் எழுந்து பறக்கும்போது சிறகின் அடியில் இளஞ்சிவப்பு பளீரென்று தெரியும். அதைப் பார்த்து 'ஆ' என்று வாய் பிளக்காத குழந்தையை நான் பார்த்ததில்லை.

அந்த நிறம் பிறவி நிறம் அல்ல. குஞ்சாக இருக்கும்போது பூநாரை சாம்பல் நிறம்தான். அது தின்னும் பாசியிலும் சிறு இறால் போன்ற உயிர்களிலும் உள்ள சத்துதான் இறகில் ஏறி நிறமாகிறது. காரட்டுக்கு நிறம் தருகிறதே, அந்தக் கரோட்டின் குடும்பத்துச் சத்து. 'நீ எதைச் சாப்பிடுகிறாயோ அதுதான் நீ' என்று நான் கிளினிக்கில் தொண்டை வறளச் சொல்வதை, பூநாரை ஒரு நிமிடத்தில் குழந்தைக்குப் புரியவைத்துவிடும்!

வனத்துறை பறவைக் கணக்கெடுப்பு நடத்துவதும் பெரும்பாலும் இந்தக் குளிர்காலத்தில்தான். கல்லூரி மாணவர்களும் தன்னார்வலர்களும் விடியற்காலையில் சேற்றோரம் நின்று, பைனாகுலரும் நோட்டுமாகக் கணக்கெடுப்பார்கள். வீட்டில் பதினொன்று, பன்னிரண்டு படிக்கும் பிள்ளைகள் இருந்தால் விசாரித்துச் சேர்த்துவிடுங்கள். நாள் முழுக்க நடை, தூரப் பார்வை, நிதானம், பொறுமை இவையெல்லாம் காசில்லாமல் கிடைக்கும். எப்போதும் செல்போனையே கிட்டத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு, அடிவானத்துப் பறவையைப் பார்ப்பது நல்ல ஓய்வு.

இங்கே ஒரு எச்சரிக்கை. குளிர்காலத்தில் சில ஊர்ச் சாலையோரங்களில் நீர்ப்பறவைகளைக் கட்டி வைத்துக்கொண்டு, 'இந்தக் கறி சாப்பிட்டால் இழுப்பு போய்விடும்' என்று விற்பார்கள். போகாது! வாங்குவதும் விற்பதும் குற்றம். ஆஸ்துமாவுக்கு வைத்தியம் உண்டு. அது பறவையின் கழுத்தில் இல்லை.

பின்பனிக்காலம்: பங்குனி ஆமைக்கு ஊரே பிரசவம் பார்க்கிறது
(மாசி, பங்குனி)

பங்குனி ஆமை என்று மீனவர்கள் அழைக்கும் கடலாமை கரைக்கு வரும் காலம். தை தொடங்கியே வரும் என்றாலும் பெயர் பங்குனிக்குத்தான். இரவில் கரையேறி, பின் துடுப்பால் மணலைத் தோண்டி, நூறு முட்டை சுமார் இட்டு, மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடும். நாயும் நரியும் தோண்டித் தின்றுவிடாமல் இருக்க, வனத்துறையினர் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைச் சேகரித்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்துவைக்கிறார்கள். கூடு கண்ட இடத்தை மீனவர்களும் வந்து சொல்வதுண்டு. 45-லிருந்து 55 நாள் போல ஆகும் குஞ்சு வெளிவர. உள்ளங்கையில் அடங்கும் குஞ்சுகளைக் கடலோரம் விடும்போது பள்ளிப் பிள்ளைகளும் கூடி நிற்பார்கள். குஞ்சுகள் தாமாகத் தவழ்ந்து முதல் அலையில் மறையும். அந்தக் காட்சியைப் பார்க்க எத்தனை மைல் வேண்டுமானாலும் போகலாம்.

ஒரு விஷயம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஆமைக் குஞ்சு ஆணா, பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் சூடு! சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். பூமி சூடேறிக்கொண்டே போனால் ஆண் ஆமைக்கு எங்கே போவது என்பது இன்றைய விஞ்ஞானிகளின் கவலை.

'ஆமை முட்டை மூலத்துக்கு நல்லது, ஆமை ரத்தம் உடம்புக்கு நல்லது' என்ற பேச்சு கடற்கரை ஊர்களில் முன்பு உண்டு. தயவுசெய்து நம்பாதீர்கள். கடலாமைக் கறி விஷமாகி உயிர் போன சம்பவங்கள் உலகின் பல கரைகளில் நடந்திருக்கின்றன. தவிர, சட்டப்படி புலிக்கு இருக்கும் அதே உயர்ந்த பாதுகாப்பு இந்த ஆமைக்கும் உண்டு.

நாம் செய்யக்கூடிய உதவி வேறு. பாலிதீன் பையைக் கரையில் போடாமல் வருவது! கடலில் மிதக்கும் பை, சில ஆமைகளுக்கு இரையாகும் சொறிமீன் மாதிரியே தெரியும். விழுங்கினால் குடல் அடைப்பு. என்னிடம் வருகிறவர்களுக்கு மலச்சிக்கல் என்றால் கடுக்காய் கொடுப்பேன். ஆமைக்கு யார் கொடுப்பது?

இளவேனில்: பாலைப்பழக் காலம்
(சித்திரை, வைகாசி)

வெளிநாட்டு விருந்தாளிகள் பெரும்பாலும் கிளம்பிவிட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கடலுக்கும் ஓய்வு. ஆனால் உப்பளத்தில் ஓய்வில்லை. வெயில் ஏற ஏற உப்பு விளையும். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசவைக்கும். வெறுங்காலோடு உப்புநீரில் நிற்கும் அந்தத் தொழிலாளர்களைப் பார்த்துவிட்டு வந்தால், இலையில் வைத்த உப்பை வீணாக்க மனசு வராது. கூடுதலாகப் போட்டுக்கொள்ளவும் மனசு வராது. அதுவும் நல்லதுதான்! நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

காட்டுக்குள் பாலை மரம் மஞ்சள் மஞ்சளாகப் பழுத்துக் கொட்டும். குரங்கு, பறவை, நரி எல்லோருக்கும் விருந்து. அவை தின்ற பழத்தின் விதைகளை எச்சத்தோடு வேறு இடத்தில் போட, அங்கே புது மரம். காட்டை நட்டு வளர்ப்பவர்கள் இவர்கள்தான். சம்பளம் பழம்!

நரி என்றதும் நினைவு வருகிறது. 'நரி முகத்தில் முழித்தால் யோகம்' என்பார்கள் நம்ம ஊரில். அதைப் பிடித்துக்கொண்டு 'நரிக்கொம்பு' என்று ஒன்றைத் தாயத்தாக விற்பவர்கள் உண்டு. நரிக்கு ஏது கொம்பு? எலும்புத் துண்டில் முடியை ஒட்டி ஏமாற்றும் வேலை. அதற்காக நரி சாகிறது. கோடியக்கரையில் விடியற்காலையில் உயிருள்ள நரியைப் பாருங்கள். அந்த யோகம் போதும்.

முதுவேனில்: தண்ணீர் தேடும் மான்கள்
(ஆனி, ஆடி)

புல்வெளி காய்ந்து கிடக்கும். வெளிமான்களைத் தெளிவாகப் பார்க்க ஏற்ற காலம். ஆண் மானுக்கு முறுக்கிய நீண்ட கொம்பு. முதுகு கறுத்து, வயிறு வெள்ளையாக இருக்கும். பெண் மானுக்குக் கொம்பில்லை. வெளிறிய பழுப்பு நிறம். மிரண்டால் ஒரு துள்ளு துள்ளும் பாருங்கள்... தரையில் கால் பட்டதா என்றே சந்தேகம் வரும். யாரோ எப்போதோ விட்டுப்போய்க் காட்டிலேயே பெருகிவிட்ட மட்டக்குதிரைகளும் அதே புல்லைத்தான் மேய்கின்றன. போதாததற்குச் சீமைக்கருவேல் வேறு புல்வெளிக்குள் புகுந்துவிட்டது. அதை வெட்டி அகற்றும் வேலையும், வறண்ட நாட்களில் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பும் வேலையும் வனத்துறைக்கு முடியாத வேலைகள்.

ஆடி அமாவாசையன்று கோடியக்கரையில் கூட்டம் அலைமோதும். 'ஆதிசேது' என்று போற்றப்படும் இந்தக் கடலில் நீராடி முன்னோருக்குத் தர்ப்பணம் செய்ய எங்கெங்கிருந்தோ வருவார்கள். தை அமாவாசைக்கும் அப்படியே. முன்னோரை நினைப்பது நல்ல காரியம். ஆனால் பூ கொண்டுவந்த பிளாஸ்டிக் பையையும், தண்ணீர் பாட்டிலையும், பழைய துணியையும் கடலில் விட்டுவிட்டு வந்தால் எந்த முன்னோர் மகிழ்வார்? போன முறை நான் போனபோது, உள்ளூர் இளைஞர்கள் சிலர் சாக்குப்பையோடு குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். குனிந்து நிமிர எனக்கும் ஒரு பை கேட்டேன். "அய்யா, உங்களுக்கு இடுப்பு வலிக்கும்" என்றான் ஒரு பையன். "வைத்தியனுக்கே வைத்தியமா?" என்று சிரித்துவிட்டுக் குனிந்தேன். நிஜமாகவே வலித்தது. ஆனால் அன்று இரவு நல்ல தூக்கம்!

கிளம்புமுன் கவனிக்க வேண்டியவை

* அதிகாலை அல்லது மாலை நேரமே நல்லது. மங்கலான நிறப் பருத்தி உடை போடுங்கள். பளிச்சென்ற சட்டை, செண்ட், பாட்டுச் சத்தம் மூன்றும் பறவைக்கு ஆகாது.

* தண்ணீர், மோர், பானகம் எவர்சில்வர் பாத்திரத்தில் எடுத்துச் செல்லுங்கள். உப்புக்காற்றில் வியர்வை தெரியாது. ஆனால் உடம்பில் நீர் குறையும். வயதானவர்களும் சர்க்கரை நோயாளிகளும் அடிக்கடி குடிக்க வேண்டும்.

* பனிக்காலத்தில் இழுப்பு உள்ளவர்கள் காதை மூடிக்கொண்டு போங்கள். வழக்கமான மருந்தை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

* சதுப்பு நிலத்தில் சொந்தத் தைரியத்தில் இறங்காதீர்கள். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குக் கோடியக்கரைச் சேற்றுப் புதைகுழி தெரியும். அது வெறும் கற்பனை இல்லை. உள்ளூர் வழிகாட்டியோடு போவது பாதுகாப்பு. அவருக்கும் நாலு காசு கிடைக்கும்.

* மூடிய செருப்பு அல்லது ஷூ அவசியம். பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது, பச்சிலை அரைத்துப் போடுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல், தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போய் விஷமுறிவு ஊசி போட்டுக்கொள்ளுங்கள். சித்த வைத்தியனாகவே இதைச் சொல்கிறேன்.

* குரங்குக்கும் மானுக்கும் பிஸ்கட், சிப்ஸ் போடாதீர்கள். நமக்கே ஆகாத பண்டம் அவற்றுக்கு எப்படி ஆகும்?

* சரணாலயத்துக்குள் அனுமதியின்றிச் செடி, வேர், பழம் எதை எடுப்பதும் குற்றம். மூலிகை வேண்டுமா? துளசி, தூதுவளை, கற்பூரவல்லி, பிரண்டை நாலையும் தொட்டியில் வையுங்கள். வேலி இருந்தால் சீந்திலும் சிறுகுறிஞ்சானும் ஏற்றுங்கள். எதை, எவ்வளவு, எப்படி என்பதை மட்டும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஏற்கெனவே சாப்பிடும் மருந்தைத் தானாக நிறுத்தாதீர்கள்.

கொண்டுவந்தது என்ன?

ஆரம்பத்தில் சீட்டு கேட்ட பெண்மணியை மறந்துவிடவில்லையே? பதினைந்து நாள் கழித்து மாமியாரோடு வந்தார். "அய்யா சொன்ன மாதிரியே ஒண்ணும் பறிக்கலை" என்றார் முதல் வார்த்தையாக. பக்கத்திலிருந்த அவர் மகன், எட்டாவது படிக்கிறவன், ஒரு நோட்டை நீட்டினான். பூநாரை, உள்ளான், வெளிமான், மட்டக்குதிரை... பார்த்ததையெல்லாம் நேரத்தோடு எழுதி வைத்திருந்தான். இரண்டு படம் வேறு.

மாமியார் சொன்னார்: "கால் வலிக்குதுன்னு வண்டியிலேயே உக்காந்திருக்கத்தான் நெனச்சேன். அந்தப் பறவைக் கூட்டத்தைப் பார்த்ததும் எறங்கி நடந்துட்டேன் அய்யா. எவ்வளவு தூரம் நடந்தேன்னு வீட்டுக்கு வந்தப்புறம்தான் தெரிஞ்சுது!"

மூட்டுவலிக்கு நான் கொடுத்த தைலம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். பாதி பாட்டில் அப்படியே இருக்கிறதாம். முழுசா விட்டுடாதீங்க என்று சொல்லி அனுப்பினேன்.

பையன் வாசல்வரை போய்த் திரும்பி வந்தான். "தாத்தா, அடுத்த வருஷமும் போவோம். அப்பவும் அந்தப் பறவையெல்லாம் இருக்கும்ல?" என்றான்.

1991-ல் அந்தப் பெரியவர் எங்களைக் கேட்ட கேள்விதான் இது. இப்போது ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வருகிறது. "நாம எதையும் எடுக்காம, எதையும் போடாம வந்தா, இருக்கும்டா ராஜா" என்றேன்.

நீங்களும் போய் வாருங்கள். வெறுங்கையோடு!